நூறு எம்பிபிஎஸ் இருந்தும் குரல் அறுந்த வீடு: சேரன்மகாதேவிப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் ஊர். வளவுக்குள் (ஒரே சுற்றுக்குள் பல வீடுகள் இருக்கும் இடம்) நீளவாக்கில் கட்டிய பழைய வீடு. தெருவிலிருந்து திண்ணை, தார்சா (முன்னறை), பட்டாசல் (கூடம்), ரெண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும், ஒன்றரை அடி கனம். இந்த வீட்டு மருமகள் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை வீட்டிலிருந்தே எடுக்கும் வேலையில் சேர்ந்தார். ஷிப்ட் காலை 9 முதல் மாலை 6 வரை. லேப்டாப்பும் யூஎஸ்பி ஹெட்செட்டும் நிறுவனம் அனுப்பியது. இணையம், கரண்ட், அறை எல்லாம் அவர் பாடு. ஆளைக் காட்டும் விவரங்களை விலக்கிவிட்டு, இந்தப் பக்கத்து வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை ஒரே வீட்டின் அமைப்பில் வைத்து எழுதியிருக்கிறோம்.

பயிற்சி முடிந்து நேரடி அழைப்புகள் தொடங்கியதும் தர ஆய்வுக் குழுவிடமிருந்து மூன்று குறிப்புகள் வந்தன: குரல் விட்டு விட்டு வருகிறது, பின்னால் ஓர் இரைச்சல் கேட்கிறது, அழைப்பு நடுவில் அறுந்துபோகிறது. வீட்டில் உடனே எடுத்த முடிவு, 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300க்கு மாற்றுவது. நல்லவேளை, பணம் கட்டுமுன் சோதித்துப் பார்த்தார்கள். மூன்று குறிப்புகளுக்கும் பின்னால் ஐந்து காரணங்கள் இருந்தன. திட்டத்தில் சொன்ன அந்த 100க்கு அவற்றில் ஒன்றிலும் பங்கில்லை.

இந்த வேலை நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்த வழியையும் சொல்லிவிடலாம். 2020 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை கால் சென்டர்களுக்கான விதிகளைத் தளர்த்தி, ஊழியர்கள் வீட்டிலிருந்தே பணிசெய்ய வழிவிட்டது. 2021 ஜூனில் இன்னும் தளர்த்தியது. வேலையில் சேர்வதற்கு முன்பே "லேப்டாப்புக்கு டெபாசிட் கட்டுங்கள்" என்று யாராவது கேட்டால் அது வேலை இல்லை, மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிக்க வேண்டும்.

ஓர் அழைப்புக்கு எவ்வளவு வேண்டும்

கால் சென்டர் மென்பொருள்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் குரலுக்கு மட்டும் 64 கேபிபிஎஸ். குரலைத் துண்டு துண்டாகச் சுமந்து போகும் பாக்கெட்டுகளின் தலைப்புச் சுமையையும் சேர்த்தால் ஒரு திசைக்கு சுமார் 87. போக வர இரண்டையும் கூட்டினாலும் 175 கேபிபிஎஸ்ஸைத் தாண்டாது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இது ஐந்நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. வாடிக்கையாளர் விவரங்கள் காட்டும் திரைக்கும் விபிஎன்னுக்கும் (நிறுவன வலைக்குள் நுழையும் பாதுகாப்பான வழி) தாராளமாக 5 எம்பிபிஎஸ் ஒதுக்கினாலும் மீதி சும்மாதான் கிடக்கும்.

குரலுக்கு வேண்டியது வேகம் இல்லை, ஒழுங்கு. வினாடிக்கு 50 பாக்கெட்டுகள், 20 மில்லி வினாடிக்கு ஒன்றாக, வரிசை பிசகாமல் போய்ச் சேர வேண்டும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. தாமதத்தின் ஏற்ற இறக்கம் 30 மில்லி வினாடிக்குள், பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குள் என்பவை துறையில் பொதுவாக வைத்துக்கொள்ளும் வரம்புகள். படம் பார்க்கும்போது அரை வினாடி தடங்கினால் யாருக்கும் தெரியாது, முன்கூட்டியே இறக்கி வைத்ததிலிருந்து ஓடும். பேச்சை முன்கூட்டி இறக்க முடியாதே. "ராத்திரி படம் நல்லாத்தானே ஓடுது" என்பது ஆயிரம் வீட்டில் சொல்லும் வாதம். ஆனால் அது இங்கே சாட்சிக்கு நிற்காது.

முதல் சோதனை: சொந்த மோடத்துக்கே பிங்

மோடம் தார்சாவில், ஃபைபர் நுழையும் சன்னலுக்குப் பக்கத்தில். வேலை செய்யும் அறை ரெண்டாங்கட்டில், தெருச் சத்தம் எட்டாத இடத்தில். நடுவில் மூன்று சுவர்கள்.

சோதனைக்கு எந்தச் செயலியும் வேண்டாம். லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, மோடத்தின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) 200 முறை பிங் கொடுக்க வேண்டும், அதாவது ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பி அது திரும்ப எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கு 200 முறை. இந்த இரண்டையும் முதலில் மோடத்துக்குப் பக்கத்தில் இரண்டு மீட்டர் லேன் கேபிளில் செய்து பார்த்து, அதே இரண்டை வேலை அறையில் வைஃபையில் செய்ய வேண்டும். சில நிறுவன லேப்டாப்புகளில் கமாண்ட் பிராம்ப்ட் பூட்டப்பட்டிருக்கும். அப்படியானால் வீட்டு லேப்டாப் ஒன்றைக் கொண்டு செய்யலாம்.

கேபிளில் மோடத்துக்கான பிங் 1 மில்லி வினாடியைத் தாண்டவில்லை, வெளிமுகவரிக்கும் சீராக வந்தது, ஒரு பாக்கெட்டும் தொலையவில்லை. வேலை அறை வைஃபையில் மோடத்துக்கே 3 முதல் 180 வரை ஏறி இறங்கியது. இருநூறில் ஏழு திரும்பவில்லை, அதாவது 3.5 சதவீத இழப்பு. வீட்டுக்குள் இருக்கும் பெட்டியைத் தொடவே இந்தப் பாடு என்றால், அதற்கு வெளியே எத்தனை எம்பிபிஎஸ் வாங்கினாலும் என்ன?

5 கிகாஹெர்ட்ஸ் அலை சுண்ணாம்புச் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டும், ஆனால் வளவில் உள்ள மற்ற வீடுகளின் வைஃபையும் அதே அலையில்தான். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றே. இடையில் வைஃபை ரிப்பீட்டர் வைக்கலாமே என்று கடையில் சொல்வார்கள். ஒரே அலையில் வாங்கி அதே அலையில் திருப்பி அனுப்பும் மலிவான ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்குவதோடு தாமதத்தின் ஏற்ற இறக்கத்தையும் கூட்டும். பாட்டுக் கேட்க அது போதும், இந்த வேலைக்குக் கூடாது.

கம்பி இழுத்த விதம்

அளந்தால் 22 மீட்டர். ஏற்ற இறக்கம், மூலை, இரு முனையிலும் விடும் மிச்சம் சேர்த்து 30 மீட்டர் கேட்6 வாங்கினார்கள். (100 மீட்டர் வரை தாங்கும், நீளம் பிரச்சினையே இல்லை.) கடையில் முதலில் எடுத்துப் போட்ட கேபிளின் உள்கம்பியை பிளேடால் சுரண்டிப் பார்த்தபோது உள்ளே வெள்ளை தெரிந்தது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ரகம். விலை ஏறக்குறைய பாதி, ஆனால் வளைத்தால் ஒடியும், பின்னில் பிடிப்பு நாளடைவில் தளரும். முழுச் செம்பு என்றால் சுரண்டினாலும் செம்பாகவே இருக்கும், கையில் எடைவித்தியாசமும் தெரியும்.

கேபிளை 20 மில்லிமீட்டர் பிவிசி பட்டைக்குள், சுவரும் மச்சும் சேரும் விளிம்பு வழியாகக் கொண்டுபோனார்கள். கரண்ட் வயரோடு ஒட்டி ஓடக் கூடாது, ஓர் அடியாவது தள்ளி இருக்க வேண்டும். குறுக்கே போகவேண்டிய இடத்தில் செங்குத்தாகத் தாண்ட வேண்டும். ஒன்றரை அடிச் சுவரைத் துளைக்கச் சாதாரண பிட் எட்டாது, 16 மில்லிமீட்டரில் நீள பிட்டை வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும். சுண்ணாம்புச் சுவரில் ஹேமர் வைத்து அடித்தால் மறுபக்கம் கைப்பிடி அளவு காரை பெயரும். கடைசி இரண்டு அங்குலத்தை ஹேமரை நிறுத்திவிட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும்.

முனையில் ஆர்ஜே45 பிளக்கைப் பிடித்து, கிளிப் கீழ்ப்பக்கம் இருக்க, இடமிருந்து வலமாக நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையும் இதே வரிசை. தப்பு பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறுவரை நடக்கும்: பச்சை ஜோடியைப் பிரித்து நீலத்தின் இருபக்கமும் வைக்க வேண்டும் என்பதை மறந்து, ஜோடி ஜோடியாகவே அடுக்கிவிடுவார்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், ஆனால் முறுக்கு மாறிப்போனதால் நீளக் கேபிளில் பாக்கெட் தொலையும்.

இந்த வீட்டில் வேறொன்று நடந்தது. இணைத்ததும் லேப்டாப்பில் இணைப்பு வேகம் 1000க்குப் பதில் 100 எம்பிபிஎஸ் என்று காட்டியது. 100க்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும், 1000க்கு எட்டும் வேண்டும். ஆக நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி பின்னைத் தொடவில்லை. குரலுக்கு 100 தாராளம்தான், ஆனாலும் அப்படியே விடக் கூடாது. ஒரு கம்பி சரியாக ஏறாத பிளக்கில் மற்றவையும் அரைகுறையாக நிற்கும், மழைக்கால ஈரத்தில் காலை வாரும். வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் பிளக் அடித்ததும் சரியாயிற்று. வேலை அறைப் பக்கம் பிளக்கை நேராக லேப்டாப்பில் செருகாமல், சுவரில் லேன் சாக்கெட் வைத்து அதிலிருந்து ஒரு மீட்டர் பேட்ச் கார்டு (வளைந்து கொடுக்கும் சிறு கேபிள்) விட்டார்கள். சுவரில் ஓடுவது உள்கம்பி ஒவ்வொன்றும் ஒற்றை இழையாக உள்ள கேபிள், தினமும் செருகிப் பிடுங்கினால் முறியும்.

வேலை அறையில் மறுபடி பிங்: மோடத்துக்கு 1 மில்லி வினாடிக்குள், இழப்பு இல்லை. விட்டு விட்டு வந்த குரல் பெரும்பாலும் நின்றது.

சாயங்காலம் நாலு மணிக்குப் பிறகு

பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடிந்தது. நாலரைக்கு மேல் மறுபடியும் அறுந்தது, அதுவும் ஒரு பக்கம் மட்டும்: இவர் பேசுவது வாடிக்கையாளருக்கு அறுந்து கேட்டது, அவர்கள் பேசுவது இங்கே தெளிவாக இருந்தது. இந்த ஒருபக்கத் தன்மைதான் துப்பு. மேலேறும் பாதையில் நெரிசல். அந்தத் திட்டத்தில் இறக்கம் 100, ஏற்றம் 20 எம்பிபிஎஸ்தான். ஸ்பீட் டெஸ்ட் பார்க்கிறவர்கள் இறக்க எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

வளவில் வைஃபை கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியும். அத்தை மகன் முதல் எதிர்வீட்டு மதினி வரை போன்கள் மாலையில் வீடு திரும்பும், எடுத்த படங்களும் வீடியோக்களும் ஒரே மூச்சில் மேலேறும். மோடம் அவற்றையும் குரல் பாக்கெட்டையும் ஒரே வரிசையில் நிறுத்தும். வெளிமுகவரிக்கு பிங் ஓடவிட்டபடி ஒரு போனிலிருந்து பெரிய வீடியோவை ஏற்றியபோது எண் 20களிலிருந்து 400க்கு மேல் தாவியது. ஏற்றத்தை நிறுத்தியதும் இறங்கியது. இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம்.

கடவுச்சொல்லை மாற்றுவது சுலபம், வளவில் முகம் முறியும். அதனால் மோடத்தில் விருந்தினர் வைஃபை ஒன்றைத் திறந்து மற்றவர்களை அதற்கு மாற்றி, அதன் ஏற்றத்துக்கு 5 எம்பிபிஎஸ் வரம்பு வைத்தார்கள். லேப்டாப்பின் மேக் முகவரிக்கு (கருவியின் அடையாள எண்) முன்னுரிமை கொடுத்தார்கள். மோடத்தில் இந்த வசதிகள் இல்லையென்றால் பின்னால் தனி ரவுட்டர் ஒன்று வைக்க வேண்டும். மோடத்தின் அமைப்புகளைத் திறந்திருக்கும்போதே சிப் ஏஎல்ஜி என்ற வசதியையும் அணைத்துவிடுவது நல்லது. இணையத் தொலைபேசிக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு அது முகவரிகளைத் திருத்தும், அழைப்பு இணைந்தும் ஒரு பக்கக் குரலே வராமல் போவதற்குப் பல வீடுகளில் அதுவே காரணம்.

இரைச்சல்: எங்கும் போய்ச் சேராத எர்த்

பின்னணி இரைச்சல் என்று எழுதிவைத்ததை முதலில் மின்விசிறி என்றே நினைத்தார்கள். விசிறியை நிறுத்தினாலும் "ம்ம்ம்" என்று அடியில் ஓடியது. சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினால் காணவில்லை. செருகினால் திரும்பியது. லேப்டாப்பின் உலோக விளிம்பில் புறங்கையை வைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி ஓர் உணர்வு. ஹெட்செட் மாற்றினாலும் இது போகாது. சார்ஜருக்குள் மின்னிரைச்சலை எர்த்துக்கு வடித்துவிடும் சிறு கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாவிட்டால் அந்த மின்னழுத்தம் லேப்டாப் உடம்பில் தேங்கி, யூஎஸ்பி வழியே மைக்கைத் தொடும்.

மூன்று பின் சாக்கெட்டில் மல்டிமீட்டரை ஏசி அளவில் வைத்து மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 228 வோல்ட் காட்டியது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதையொட்டியே வந்திருக்க வேண்டும், வந்தது 110. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 100ஐத் தாண்டி நின்றது. எர்த் பின் அந்தரத்தில் தொங்குகிறது என்று அர்த்தம். எலக்ட்ரீசியன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எர்த் வயரு இருக்குக்கா. ஆனா அது போயி சேர வேண்டிய எடத்துக்குத்தான் போவல."

வீட்டுக்கு வயரிங் செய்த காலத்தில் எர்த்தை அங்கணத்துத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார்கள். அன்று அது மண்ணுக்குள் ஓடிய ஜிஐ குழாய். பிற்பாடு துருப்பிடித்ததென்று குழாயை பிவிசியாக மாற்றியபோது பிளம்பருக்கு எர்த்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பழைய வீடுகளில் இது சர்வ சாதாரணம்.

இதற்குக் குறுக்கு வழி ஒன்று ஊர்ப்பக்கம் புழங்குகிறது: சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் சிறு வயரால் சேர்த்துவிடுவது. மீட்டர் எல்லாம் சரி என்று காட்டும், இரைச்சலும் போகும். என்றாவது கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் அறுந்தால் லேப்டாப், கிரைண்டர், பிரிட்ஜ் என்று உலோக உடம்பு உள்ள எல்லாவற்றிலும் 230 வோல்ட் ஏறும். ஆள் போய்விடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே, வீட்டில் லோடு ஓடும்போதுகூட அசையாமல் பூஜ்யம் காட்டினால் இந்த வேலை நடந்திருக்கிறதா என்று சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

முறையான வழி புது எர்த் குழி. 40 மில்லிமீட்டர் விட்டம், இரண்டரை மீட்டர் நீள ஜிஐ குழாய், சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக, மேலே தண்ணீர் ஊற்றப் புனல், மூடி. புறவாசலில், சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளித் தோண்டினார்கள். கால்வாய்ப் பாசன மண் ஆதலால் ஈரம் தங்கும், இந்த வேலைக்கு இதைவிட நல்ல மண் கிடைக்காது. நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துச் செம்மண் காட்டிலும் பாறைத் தரையிலும் ஒரு குழி போதாமல் இரண்டாவது போட நேரும். அங்கிருந்து செம்புக் கம்பி மெயின் போர்டுக்குப் போய், கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றும் ஏறியது. முடிந்தபின் ஃபேஸ்-எர்த் 227, நியூட்ரல்-எர்த் 2க்கும் கீழே. இரைச்சல் போயிற்று. மொத்தச் செலவில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது, வீட்டுக்கு அதிகம் பயன்பட்டதும் இதுதான்.

கரண்ட் போகும்போது

அழைப்பு நடுவில் அறுந்ததற்குக் காரணம் இன்வெர்ட்டர் இல்லாததல்ல. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருந்தது. லேப்டாப்புக்குச் சொந்த பேட்டரி உண்டு, அசையாது. அசைந்தது மோடம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்வதற்குள் வரும் கண நேர வெட்டில் அது அணைந்து மறுபடி கிளம்பும். ஃபைபரில் பதிவாகி, இணையம் வந்து, விபிஎன்னில் மறுபடி உள்நுழைவதற்குள் மூன்று நான்கு நிமிடம் ஓடிவிடும். இன்வெர்ட்டரின் பின்பக்கம் 'யூபிஎஸ்' என்றும் 'நார்மல்' என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும். யூபிஎஸ்ஸில் வைத்தால் மாற்று நேரம் 10 முதல் 20 மில்லி வினாடி. ஆனால் அந்த நிலையில் மின்னழுத்தம் சற்றே தாழ்ந்தாலும் பேட்டரிக்குத் தாவும், சாயங்கால லோ வோல்டேஜில் அது பேட்டரியைத் தேய்க்கும்.

மலிவான, உறுதியான வழி மோடத்துக்கென்று தனி மினி யூபிஎஸ். வாங்குமுன் மோடத்தின் அடாப்டரைத் திருப்பிப் படிக்க வேண்டும்: 12 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர், பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா. 9 வோல்ட் மோடத்தில் 12ஐச் செருகி எரித்தவர்கள் உண்டு. பெட்டியில் 8,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் 29.6 வாட்-மணி, மாற்றத்தில் போவதைக் கழித்தால் 25. மோடம் 10 வாட் எடுத்தால் இரண்டரை மணி நேரம். இன்வெர்ட்டர் பின்னாலிருந்து அதற்கும் ஊட்டுவதால் அவ்வளவுகூட வேண்டியதில்லை.

பெரிய பேட்டரியின் கணக்கு வேறு. மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 முதல் மதியம் 2 வரை மின்தடை என்று பேப்பரில் வரும். சரியாக ஷிப்ட் நேரம். லேப்டாப் 60, மோடம் 10, பழைய சீலிங் ஃபேன் 75, டியூப்லைட் 20, ஆக 165 வாட். புது பேட்டரியில் 1,800 வாட்-மணி, அதில் கைக்கு வருவது சுமார் 1,150, ஏழு மணி நேரம் நிற்கும். இங்கே இருந்தது வருஷங்கள் ஆன பேட்டரி, சக்தி 60 சதவீதம் என்று வைத்தால் 690. நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஒரு மணிவாக்கில் கையை விரித்துவிடும். புது பேட்டரிக்கு எஸ்டிமேட் வாங்கியிருந்தார்கள். தேவைப்படவில்லை. ஃபேனை மட்டும் 30 வாட் பிஎல்டிசி ரகமாக மாற்றியதும் லோடு 120க்கு இறங்கி, அதே பேட்டரி ஐந்தே முக்கால் மணி நேரம் தாங்கும் கணக்கு வந்தது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பழைய ஃபேன் எழுப்பும் உறுமலும் கூடவே ஒழிந்தது.

வீட்டில் விளக்கெரிந்தும் இணையம் வராத நாளும் உண்டு. ஃபைபருக்கு வழியில் கரண்ட் தேவையில்லை, ஆனால் ஆபரேட்டரின் அறையில் இருக்கும் கருவிக்குத் தேவை. அங்கே பேட்டரி ஓய்ந்தால் ஊருக்கே போகும். அடுத்த பராமரிப்பு நாளில் மோடத்தின் விளக்குகளைக் கவனித்தாலே ஆபரேட்டரின் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அதற்கு மாற்று, ஃபைபர் கொடுப்பவர் அல்லாத வேறு கம்பெனியின் சிம் போட்ட போன். ஹாட்ஸ்பாட்டாக இல்லாமல் யூஎஸ்பி கேபிளில் இணைக்க வேண்டும். பேச்சுக்கு மட்டும் மணிக்கு 80 எம்பி வரை போகும், திரை விவரங்கள் தனி. நிறுவனம் அதை அனுமதிக்கிறதா என்று முன்பே எழுத்தில் கேட்டுவைக்க வேண்டும். சிக்னல் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) நன்றாகவும் ரெண்டாங்கட்டில் ஒன்றுமில்லாமலும் இருப்பது இந்த மாதிரி வீட்டின் குணம். நீள யூஎஸ்பி கேபிளில் போனைச் சன்னல் திண்டில் வைத்துப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொண்டார்கள்.

அறையும் ஹெட்செட்டும்

ஹெட்செட் நிறுவனம் கொடுத்தது, இரண்டு காதும் மூடும் யூஎஸ்பி ரகம். சொந்தமாக வாங்குகிறவர்கள் ப்ளூடூத்தைத் தவிர்க்கலாம். மைக்கைத் திறந்த கணமே அது அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடும், ஓடுவதும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில். பெட்டியில் 'நாய்ஸ் கேன்சலிங்' என்று போட்டிருந்தால் எந்தப் பக்கத்துக்கு என்று கேட்க வேண்டும். காதுப் பக்கம் மட்டும் என்றால் சத்தம் உங்களுக்குக் கேட்காது, எதிர்முனைக்கு அடுக்களைக் குக்கர் விசில் வரை கேட்கும். மைக் வாய்க்கு நேரே இருந்தால் மூச்சுக்காற்று அடிக்கும். வாயோரத்தில், கீழுதட்டுக்குச் சற்றுக் கீழே, இரண்டு விரல் தள்ளி இருப்பது சரி.

அடிக்கடி ஹெட்செட் தானாகத் துண்டித்துத் திரும்ப வந்ததும் ஒரு கட்டத்தில் தொல்லையாயிற்று. விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்க யூஎஸ்பியைத் தூங்கவைக்கிறது. பவர் அமைப்புகளில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை அணைத்ததும் நின்றது. நிறுவன லேப்டாப்பில் அந்த அமைப்பு பூட்டியிருந்ததால் ஐடி உதவிக்கு டிக்கெட் போட வேண்டியிருந்தது.

அறை எதிரொலித்தது. சுண்ணாம்புச் சுவர், சிமெண்டுத் தரை, சாமான் இல்லாத இடம். கை தட்டினால் 'டங்' என்று திரும்பும். சுவரில் பத்தமடைப் பாய் மாட்டலாம் என்றார் அத்தை. பார்க்க அழகு, ஆனால் மெல்லிய கோரை பேச்சொலியை அதிகம் விழுங்காது. கனம் வேண்டும். பரணில் கிடந்த பஞ்சு மெத்தை ஒன்றை மேசைக்கு எதிரே, பேசுகிறவர் முகம் பார்க்கும் சுவரில் நிறுத்தி, முதுகுப்புறம் கொடியில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டார்கள். கதவின் அடி இடுக்கில் சுருட்டிய பழைய துண்டு. மேற்குச் சன்னலைச் சாத்தினார்கள்: ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழி வரும் காற்று நேராக மைக்கில் விழும்.

கோயில் கொடைக்கு (ஊர்க்கோயில் திருவிழாவுக்கு) மட்டும் எதுவும் உதவாது. குழாய் ஸ்பீக்கர் தெருமுனையில் கட்டினால் மெத்தையும் ஜமுக்காளமும் எம்மாத்திரம். கொடை நாள் சாட்டியதும் டீம் லீடரிடம் சொல்லி லீவோ ஷிப்ட் மாற்றமோ வாங்குவதுதான் ஒரே வழி. மேசை தரையிலிருந்து 73 முதல் 75 சென்டிமீட்டர், திரை கண்மட்டத்துக்கு, கீபோர்டு தனியாக. இதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

வெளிக்கம்பி

வீட்டுக்குள் எல்லாம் சரியான பிறகும் காற்றுக் காலத்தில் மோடத்தின் 'லாஸ்' விளக்கு (ஒளி வராததைக் காட்டுவது) அவ்வப்போது சிவந்தது. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஒளி வரத்தின் அளவு தெரியும். சாதாரணமாக மைனஸ் 20 டிபிஎம் (மைனஸ் எண் கூடக் கூட ஒளி குறைவு) அக்கம்பக்கம் இருப்பது நல்லது, மைனஸ் 27ஐ நெருங்கினால் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். இங்கே காற்றில்லாதபோது மைனஸ் 23, கம்பி ஆடும்போது மைனஸ் 27க்கும் கீழே இறங்கித் தவித்தது. கேபிள் ஒரு தென்னையின் மேல் உரசிக்கொண்டு வந்ததும், சன்னல் சட்டத்தில் ஆணியைச் சுற்றி இறுக்கி மடித்திருந்ததும் காரணங்கள். ஃபைபரை ஒரு சுண்டுவிரல் கனத்தைச் சுற்றி மடித்தாலே ஒளி கசியும், எலுமிச்சம்பழ அளவுக்காவது வளைவு வேண்டும். ஆபரேட்டரின் ஆள் வந்து கம்பியைத் தென்னையிலிருந்து விலக்கி, சன்னலில் அகல வளையமாக விட்டதும் மைனஸ் 20க்கு வந்தது. அணில் கடித்த ஒரு தடமும் இருந்தது, அங்கே வெட்டி ஒட்டினார்கள். பாபநாசம், குற்றாலம் பக்கமென்றால் குரங்குக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

இடி மின்னல் வரும் சித்திரை, ஐப்பசி மாலைகளில் ஷிப்ட் முடிந்ததும் மோடத்தின் அடாப்டரையும் லேப்டாப் சார்ஜரையும் பிடுங்கிவிடுகிறார்கள். ஃபைபர் மின்னலைக் கடத்தாது, கரண்ட் வயர் கடத்தும். கேபிளோடு ஓடும் தாங்கு கம்பி இரும்பென்றால் அதுவும் கடத்தும், அதை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்த வேண்டும். இன்வெர்ட்டரும் பேட்டரியும் இரண்டரை அடி உயர ஸ்டாண்டில் ஏறின. 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி கரை மீறிய பிறகு ஆற்றோரத்து ஊர்களில் இதற்கு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைய நிலை: திட்டம் அதே 100 எம்பிபிஎஸ். தர ஆய்வில் மூன்று குறிப்புகளும் விலகிவிட்டன. எப்போதாவது ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மட்டும் "கேட்கல" என்று வருவதுண்டு, அது அவருடைய போன் சிக்னல். கவனிக்க வேண்டியவை இரண்டு. பேட்டரிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்ப்பது ஒன்று. கால்வாயில் தண்ணீர் அடைத்தபின் கோடையில் வாரம் ஒரு குடம் எர்த் குழிப் புனலில் ஊற்றி, மாதம் ஒருமுறை நியூட்ரல்-எர்த் அளவைக் குறித்துவைப்பது மற்றொன்று. அது 5 வோல்ட்டைத் தாண்டினால் ஹெட்செட்டில் இரைச்சல் வரும்வரை காத்திராமல் எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டும்.